அரங்கும் ஆதுலர்சாலையும்

கல்வி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் ஏடும் எழுத்தாணியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும் ஏட்டினால் மாத்திரம் நிரம்பாத கல்விகள் சில உள. உடம்பினாற் பழகி, உடம்பினாற் பயன்செய்யும் கல்விகள் அவை. அரங்கிலே நின்று ஆடவும் பாடவும் ஒருவரைப் பயிற்றுவது ஒன்று. நோயுற்றார் அருகே நின்று அவர்தம் துன்பத்தைத் துடைக்கப் பயிற்றுவது மற்றொன்று. முன்னதைப் பொழுதுபோக்கென்றும் பின்னதைப் பிழைப்புக்கு வழியென்றும் நம்மவர் பிரித்துப் பேசுகின்றனர். உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவைத் தேர்ந்தெடுத்த அன்றே, சதங்கையைக் கழற்றி வைக்குமாறும் நாடக ஒத்திகைக்குப் போகாதிருக்குமாறும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றது. சொல்பவர் அன்பினாலேயே சொல்கின்றனர். ஆனால் அப்பிரிவினை நம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகும் பொருள்.

பழந்தமிழ் நாட்டுச் செய்தியொன்றை முதலிற் காண்போம். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருமுக்கூடல் என்னும் ஊரிலே, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று உண்டு. அங்குள்ள பெருமாள் கோயிலைச் சார்ந்து ஒரு பாடசாலையும், மாணவர் தங்கும் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் நடைபெற்றமையை அது கூறுகின்றது. ஆதுலர் என்பார் நோயாளர். அவர்களுக்கான சாலையே ஆதுலர்சாலை. வைத்தியர், சத்திர சிகிச்சை செய்வார், மூலிகை கொணர்வார், பணிசெய்யும் பெண்டிர் என ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் வகுக்கப்பட்டிருந்தன. அதே நூற்றாண்டிலே தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு ஆடல் மகளிரைக் குடியமர்த்தினான் என்றும், இராசராசேசுவர நாடகம் அங்கே நடிக்கப்பட்டதென்றும் கல்வெட்டுக்கள் கூறும். பாடமும் மருத்துவமும் ஆடலும் கோயில் என்னும் ஒரே நிழலில் தழைத்த காலம் அது. உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்ட சமயத்துக்கு இது வியப்பன்று.

சோழர் காலத்தை விட்டு, இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே புதிய முறைப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் பாதிரிமாராற் தொடங்கப்பட்டன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவிற் பெண்பாடசாலையும் அமெரிக்க மிசனால் நிறுவப்பட்டன. அம்மிசனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியை ஆரம்பித்தார். தென்னிந்தியாவில் வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியே. ஆனால் மருத்துவத்தை ஒரு பள்ளிக்கூடப் படிப்பாக யாழ்ப்பாணத்தில் நிலைபெறச் செய்தவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயிலே வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். இடையிற் சில ஆண்டுகள் தாயகம் சென்று மீண்டும் வந்து, 1873 வரை பணிபுரிந்தார். அவரிடம் மருத்துவம் பயின்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

கிறீன் செய்த பெருஞ்செயல் ஆங்கிலேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தமை. 1860களின் நடுப்பகுதியிலிருந்து அவருடைய வகுப்புக்கள் தமிழில் நடைபெற்றன. பாடநூல் இல்லையே என்று அவர் வாளாவிருக்கவில்லை. மாணவர் துணையுடன் தாமே நூல்களை ஆக்கினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. எலும்புக்கும் நரம்புக்கும் இரசாயனப் பொருளுக்கும் அவர் தமிழிற் பெயர் தேடினார்; அகப்படாதவிடத்து வடமொழியை நாடினார்; அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். தம் மாணவர் ஐரோப்பியர் நடையுடை பாவனைகளைப் பின்பற்றித் தம் மக்களுக்கு அந்நியராவதையும் அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவத்தைப் பரப்புவதே அவர் வந்த நோக்கம் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அந்நோக்கத்தை ஏற்காதவரும் அவர் தந்த நூலை ஏற்கலாம்.

கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேதான் நல்லூரிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரும் பிறந்தார். பேர்சிவல் பாதிரியாரின் மிசன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவிய நாவலர், அங்கே கண்ட ஒழுங்குமுறையைக் கைக்கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல், மேடைப் பிரசங்கம் ஆகிய யாவும் அவர் கையிற் சைவத்துக்குத் தொண்டுசெய்யும் கருவிகளாயின. பிறரிடமிருந்து கற்றதைத் தன்னுடைய மண்ணில் தன்னுடைய மொழியில் நடுவதே கல்வியின் பயன் என்பதை இவ்விருவரும் இரு திசைகளில் நின்று காட்டினர். மிசன் பாடசாலையிற் படித்துவிட்டு இந்து இளைஞர் சங்கத்திற் பணிபுரியும் நம்போன்றோருக்கு இது பழைய வழியே.

மருத்துவத்தைப் பள்ளிக்கூடம் இவ்வாறு வரவேற்றது. அரங்கின் கதையோ வேறு. நம் ஊர்களில் அரங்கு பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் வாழ்ந்தது. வட்டக்களரி அமைத்து விடியவிடியக் கூத்தாடினர் மக்கள். புரட்டஸ்தாந்துப் பாதிரிமார் கூத்தை ஒழுக்கத்துக்கு மாறானதெனக் கருதினர். கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களோ தம் சமயக் கதைகளைக் கூத்தாகவே ஆடின. கோயில்களிலே தேவதாசியர் நடனம் நிகழ்ந்தமையை நாவலர் வன்மையாகக் கண்டித்தார். இவ்வாறு, படித்தவர் பார்வையில் ஆடல் என்பது ஐயத்துக்குரிய பொருளாயிற்று. பெண்பாத்திரங்களையும் ஆண்களே தாங்கினர். ஆடற்கலையைச் சதிரென்று ஒதுக்கிய நிலை தமிழகத்திலும் இருந்தது. 1935இல் உருக்குமணி தேவி அடையாற்றில் மேடையேறி, 1936இல் கலாசேத்திரத்தை நிறுவிய பின்னரே நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பெருந்தொகையாகப் பரதம் பயிலத் தொடங்கினர். அந்த மாற்றம் கடலைக் கடந்து நம் பெண்பாடசாலைகளையும் வந்தடைந்தது.

ஐயம் அரங்கின்மேல் மாத்திரம் இருந்ததன்று. தாதியர் தொழிலும் அதே ஐயத்துக்கு ஆளாயிற்று. குருதியையும் புண்ணையும் தொடுவது, வேற்றுச் சாதியாரின் உடம்பைத் தாங்குவது, இரவிலே வீட்டைவிட்டு வெளியே தங்குவது ஆகியவெல்லாம் குலப்பெண்ணுக்கு ஆகாதவை எனப்பட்டன. 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் திறக்கப்பட்ட மக்லியோட் வைத்தியசாலை போன்ற இடங்களிலே, பெண் மருத்துவர் பெண்களுக்கு வைத்தியம் செய்வதைக் கண்ட பின்னரே அத்தடை மெல்லத் தளர்ந்தது. மேடையேறிய பெண்ணும் நோயாளியைத் தொட்ட பெண்ணும் ஒரே ஏச்சைக் கேட்டனர். நாளடைவில் இருவரும் ஒரே மதிப்பைப் பெற்றனர். இந்த ஒற்றுமையை நம் முதியோர் நினைவுகூர்தல் நன்று.

அரசாங்கமும் இக்காலத்திற் சும்மா இருக்கவில்லை. வன்னியிலே பரங்கி நோய் பரவி மக்கட்டொகை குன்றியமை பற்றி டொக்டர் லூஸ் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அதன் பயனாக 1870இற் கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. லூஸே அதன் முதல் அதிபர். நம் வன்னி மக்களின் துன்பமே இலங்கையின் மருத்துவக் கல்விக்கு வித்திட்டது என்பதை நம்மிற் பலர் அறியார். 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன் வழியே வளர்ந்த மருத்துவமாதர் சேவை, வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராது தாய்மாரின் வீட்டு வாசலுக்கே சென்றது. மருத்துவப்பணி என்றால் வைத்தியர் ஒருவர் மாத்திரமே என்ற எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது.

இனி, இவ்விரு கல்விகளையும் ஒருங்கே தழுவிய ஒரு பெருமகனாரை நோக்குவோம். காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிசன் பாடசாலைகளிற் பயின்றவர். விஞ்ஞானத்திற் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். அத்தகையவரே 1926இல் 'மதங்கசூளாமணி' என்னும் நாடக ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். சேக்சுபியரின் நாடகங்களையும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் அந்நூலில் ஒருங்கே ஆராய்ந்தார். 1947இல் அரங்கேறிய 'யாழ் நூ'லிலோ, ஒலியின் கணிதத்தைக் கொண்டு பழந்தமிழ்ப் பண்களை மீட்க முயன்றார். விஞ்ஞானம் கற்றவனுக்குக் கலை எதற்கு என்று கேட்பாருக்கு அவர் வாழ்க்கையே விடையாகும்.

கூத்து பள்ளிக்கூடத்துள் நுழைந்த கதையும் சுவையானது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' சிங்கள அரங்கைத் தலைநிமிரச் செய்தது. அந்நாடகம் தழுவிய 'நாடகம்' என்னும் மரபு தமிழ்க் கூத்திலிருந்து சென்றதென்பதைப் பேராதனையிலிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் உணர்ந்தார். சர்வகலாசாலை மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். விடியும்வரை ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துள் அடங்கியது. வட்டக்களரியிலிருந்து ஒருபக்கம் நோக்கிய மேடைக்கு வந்தது. மட்டக்களப்பு மண்ணிலிருந்து வந்த சி. மௌனகுரு போன்ற மாணவர், கிராமத்திற் கண்ட ஆட்டத்தையே சர்வகலாசாலையிலும் ஆடினர். படியாதவர் கலையென ஒதுக்கப்பட்டது படித்தவருக்குப் பாடமாயிற்று.

அக்கூத்தைப் பயிற்றும் முறையைச் சற்று உற்றுநோக்குவோம். முதலிற் சட்டங்கொடுத்தல், அதாவது அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரத்தையும் பாட்டையும் வழங்குதல். பின்னர் மாதக்கணக்காக ஆட்டம் பழகுதல். கால் பதிந்தபின் சதங்கை கட்டுதல். அதன்பின் அடுக்குப் பார்த்தல். ஈற்றில் அரங்கேற்றம். படிப்படியாகச் செல்லாமற் சதங்கை கட்டியவர் எவருமிலர். ஆடுபவன் ஓரடி பாடியதும் சூழநிற்கும் பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். அந்த நேரத்தில் ஆடுபவன் மூச்சை மீட்டுக்கொள்வான். பிற்பாட்டு அழகுக்காக மாத்திரம் அமைந்ததன்று. தோழனுக்கு மூச்சுக்கொடுக்கும் உபாயமுமாகும். உடலின் ஆற்றல் இவ்வளவுதான் என்று அறிந்த கலை இது.

பிற்பாட்டை நினைக்கும்போது, விளையாட்டு மைதானத்திலே மாணவர் எழுப்பும் உற்சாகக் குரலும் நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே 1904இல் தொடங்கிய கிறிக்கெற் போட்டியில் தலைமுறை தலைமுறையாக இக்குரல் ஒலித்துவருகின்றது. இதனை வெறுங் கூச்சலென்பார் உளர். ஆனால் இதற்கும் ஒரு வரலாறுண்டு. 1898 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலைக் காற்பந்தாட்டக் குழு தொடர்ந்து தோற்றுச் சோர்ந்திருந்தது. அப்பொழுது ஜோனி கம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின்முன் வந்துநின்று எல்லாரையும் ஒரே குரலிற் கோஷமிடச் செய்தார். அன்று அக்குழு வென்றது. உற்சாகக் குழுவுக்குத் தலைமை தாங்கும் வழக்கம் அங்கிருந்தே தோன்றியதென்பர். அந்தக் கம்பெல் மருத்துவ மாணவர் என்பதே நாம் ஈண்டுக் கருதத்தக்கது. 1923இல் அதே சர்வகலாசாலையிற் பெண்களும் இதிற் சேர்ந்தனர். பிற்காலத்திற் கரணமும் நடனமும் கலந்த ஒரு விளையாட்டாக இது வளர்ந்து, 2021இற் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரத்தைப் பெற்றது. தளர்ந்தவனுக்குக் குரலால் வலுவூட்டுதல் மைதானத்துக்கும் கூத்துக்களரிக்கும் மாத்திரமன்றி, நோயாளியின் கட்டிலருகேயும் வேண்டப்படுவதன்றோ?

இவ்வளவு நெருங்கிய இரு கல்விகளும் நம்மிடையே ஏன் பிரிந்தன? 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலுக்குப் பின்னர், சர்வகலாசாலை வாயிலை எட்ட நம் மாணவர் ஒவ்வொரு புள்ளிக்கும் போராடவேண்டியதாயிற்று. மருத்துவபீடத்துக்கான போட்டியில் ஒரு புள்ளி ஒருவரின் வாழ்க்கையையே மாற்றியது. அந்த அச்சத்தில், புள்ளி தராத யாவும் வீண் என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றியதென்றே நாம் கருதுகின்றோம். அச்சம் நியாயமானதே. ஆனால் அது விட்டுச்சென்ற வழக்கம் இன்றும் மாறவில்லை.

எனினும் அதே காலத்திலேதான் இரு கல்விகளும் மீண்டும் ஒன்றையொன்று நாடின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவிலே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1975இல் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக்கழகம் அதனுடன் இணைந்தது. 1978இல் மருத்துவபீடம் தோன்றியது. ஆக, நடனமும் மருத்துவமும் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே கல்விக்கூடத்தின் குடையின்கீழ் வந்தன. அதே 1978இற் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்குரிய பாடமுமாயிற்று.

பின்னர்ப் போர் வந்தது. 1987 ஒக்ரோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் பெரிய வைத்தியசாலையினுள்ளே வைத்தியரும் தாதியரும் ஊழியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். கடமையை விட்டு நீங்காது நின்றமையால் இறந்தோர் அவர்கள். மருத்துவப்பணியை வருவாய்க்குரிய தொழிலென்று மாத்திரம் எண்ணும் இளைஞர் அந்த நாட்களை நினைவிற் கொள்ளவேண்டும். உடற்காயத்துக்கு மருந்திட்டோர் மனக்காயத்தையும் கண்டனர். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரினால் விளைந்த மனவடுக்களை ஆராய்ந்து 1998இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1990களின் தொடக்கத்திற் சண்முகலிங்கம் எழுதிய 'அன்னை இட்ட தீ' அவ்வடுக்களை மேடையிலே பேசியது. வாய்விட்டு அழமுடியாத மக்கள் அரங்கின் முன்னமர்ந்து அழுதனர். ஆதுலர்சாலையால் எட்டமுடியாத புண்ணை அரங்கு தொட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய மாணவருக்குப் பயன்படுவது யாது? ஆடல் நூலார் உடம்பை அங்கம், பிரத்தியங்கம், உபாங்கம் எனப் பகுத்தனர். கிறீனும் தம் நூலுக்கு அங்காதிபாதம் என்றே பெயரிட்டார். பொருள் ஒன்றே, கற்கும் வாயில்கள் இரண்டு. அரைமண்டியில் நின்று பழகியவளுக்கு முழந்தாளின் மூட்டு ஏட்டுப்படம் அன்று. தன் உடம்பில் உணர்ந்த உண்மை. மேடையிற் பேசிப் பழகியவன் நோயாளியின் வீட்டாரிடம் துயரச் செய்தியைச் சொல்லும்போது சொற்களைத் தேடித் தடுமாறான். பிற்பாட்டுப் பாடியவனுக்கு மற்றவரோடு சேர்ந்து பணியாற்றக் கற்பிக்கவேண்டியதில்லை.

மருத்துவத்துறை என்பது மருத்துவபீடம் என்ற ஒற்றை வாயிலன்று. தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், இயன்மருத்துவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது, சித்த வைத்தியர் எனப் பல வாயில்கள் உள. உடல் அசைவை அறிந்தவருக்கு இயன்மருத்துவமும், குரலையும் ஒலியையும் அறிந்தவருக்குப் பேச்சுச் சிகிச்சையும் உரியன. பேச்சுத் திக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழொலியின் நுட்பம் தெரிந்தவரே உதவமுடியும். கிறீன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழிலே மருத்துவம் கற்பித்ததன் பொருள் இங்கே மீண்டும் விளங்குகின்றது. மருத்துவபீடத்துக்கு ஒரு புள்ளி குறைந்தமையால் வாழ்வே முடிந்ததெனக் கலங்கும் தம்பி தங்கையர்க்கு இவ்வாயில்களைக் காலத்தோடு காட்டுதல் பெரியோர் கடன்.

நம் சங்கமும் இதிற் செய்யத்தக்கது உண்டு. கலைவிழாவுக்கு நாடகம் பழக்கும்போது, உயிரியல் பயிலும் மாணவரை விலக்காது, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் அவர்களுக்கும் இடமளிக்கலாம். அவ்விழா மேடையிலேயே தாதியரையும் மருத்துவமாதரையும் அழைத்து, தம் தொழில் பற்றி மாணவருக்கு எடுத்துரைக்கச் செய்யலாம். கூத்தறிந்த முதியோரும் ஓய்வுபெற்ற வைத்தியரும் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை.

ஆனந்தத் தாண்டவம் ஆடும் பெருமானையே வைத்தியநாதன் என்றும் வழிபடுபவர் நாம். ஆடுபவனும் அவனே, பிணி தீர்ப்பவனும் அவனே. வணக்கத்தில் ஒன்றாகக் கண்டதை வகுப்பறையில் இரண்டாக வெட்டாதிருப்போமாக. நம் பிள்ளைகள் ஆடியும் பாடியும், அந்த உடம்பாலும் குரலாலும் பிறர் நோயைத் தீர்த்தும் வாழ, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.